குலவழி நிலமும் கொடைவழி நிலமும்: பண்டசோழநல்லூர் வட்டார எல்லைகளை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

பண்டசோழநல்லூர் புதுச்சேரி மாநிலத்தின் நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த ஊர். மடுகரை, கரியமாணிக்கம், ஏரிப்பாக்கம், சூரமங்கலம் ஆகியவை இதே வட்டாரத்து ஊர்கள். இவற்றைச் சுற்றிலும் தமிழ்நாட்டு நிலம் இருக்கிறது. ஒரே மண், ஒரே நெல், ஒரே தெய்வங்கள். கொள்வினை கொடுப்பினையும் எல்லை தாண்டியே நடக்கிறது. ஆனால் கிஸ்தி கட்டும் கருவூலமும் பத்திரம் பதியும் அலுவலகமும் வேறு வேறு. புதுச்சேரி மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 293 சதுர கிலோமீட்டர். அதுவும் ஒரே நிலப்பரப்பாக இல்லாமல் பன்னிரண்டு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது.

இந்த வரைபடத்தைப் பார்க்கும் வரலாற்று மாணவருக்கு ஜெர்மனியின் துரிங்கியா நினைவுக்கு வரும். 1918 வரை அங்கும் ஒரு சிற்றரசின் நிலத்துக்குள் இன்னொன்றின் ஊர் திட்டாக நின்றது. தோற்றம் ஒன்றாக இருப்பதால் காரணமும் ஒன்றாக இருக்குமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. நிலம் எந்த விதிப்படி கைமாறியதோ அந்த விதியே எல்லையை வரைந்தது. ஜெர்மானிய நிலங்களில் அந்த விதி பாகப்பிரிவினை, தமிழகப் பாளையங்களில் பிரிக்காமை, புதுச்சேரி வட்டாரத்தில் ஊர் ஊராக வழங்கல் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது பண்டசோழநல்லூர் போன்ற ஓர் ஊரின் எல்லைக்கோடு எத்தனை பழைய ஆவணம் என்பது தெளிவாகும்.

1. நடுநாட்டின் பழங்குலங்கள்

1.1 மலையமான், முனையரையர், வாணர்

பெண்ணையாற்றின் இரு கரையிலும் விரிந்த நிலம் நடுநாடு. சோழநாட்டுக்கும் தொண்டைநாட்டுக்கும் இடைப்பட்டது என்பதால் பேரரசுகள் மோதும் களமாக இது இருந்தது; சிற்றரசர் குலங்கள் வேர் பிடித்து வாழ்ந்த களமும் இதுவே. திருக்கோவலூரை ஆண்ட மலையமான் குலம் சங்க காலத்திலேயே புகழ் பெற்றது. திருமுடிக்காரிக்குப் பல நூற்றாண்டுகள் கழித்துச் சோழப் பேரரசின் காலத்திலும் அதே குலப்பெயர் கல்வெட்டுகளில் நிற்கிறது. முதலாம் இராசராசனின் தாய் வானவன்மாதேவி மலையமான் குலத்து மகள். திருமுனைப்பாடியில் முனையரையர் இருந்தனர்; திருநாவலூரில் பிறந்த சுந்தரரை எடுத்து வளர்த்த நரசிங்க முனையரையர் அக்குலத்தவர். ஆறகழூரில் வாணகோவரையர் ஆண்டனர்.

இக்குலங்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றியது எதை? பட்டத்தை, படைத்தலைமையை, ஒரு நாட்டின் மீதான காவல் உரிமையை. மேலே ஒரு பேரரசன் இருந்தான். அவனோடு மணவுறவு கொண்டோ அவனுக்குப் படை அனுப்பியோ குலம் தன் இடத்தைக் காத்துக்கொண்டது. கீழே ஊரும் நாடும் சபையும் இருந்தன. ஊர் நிலத்தின் காணி உரிமை ஊராருடையது. குலத்தின் கிளைகள் பெருகினால் பட்டப்பெயர்கள் பெருகின. அதற்காக ஊர் எல்லைகள் உடைபடவில்லை.

1.2 காடவராயர்: சிற்றரசு பேரரசாக முயன்ற கதை

இந்தப் பொதுநிலையை மீறிக் காட்டியவர்கள் காடவராயர்கள். பல்லவர் வழிவந்தோம் என்று உரிமை கோரிய இவர்கள் கூடலையும் பின்னர் சேந்தமங்கலத்தையும் தளமாகக் கொண்டு வளர்ந்தனர். 1231 வாக்கில் கோப்பெருஞ்சிங்கன் சோழப் பேரரசர் மூன்றாம் இராசராசனைச் சிறைபிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்தார். சேதி கேட்ட போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் தன் தளபதிகளை அனுப்பினான். கடலூரை அடுத்த திருவேந்திபுரம் கோயில் கல்வெட்டு இந்தப் படையெடுப்பைப் படிப்படியாகச் சொல்கிறது: எந்த ஊர்கள் அழிக்கப்பட்டன, யார் யார் வீழ்ந்தனர், சோழன் எப்படி மீட்கப்பட்டான் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பாகூரிலிருந்து திருவேந்திபுரம் தொலைவில் இல்லை. இன்றைய புதுச்சேரிக் கிராமங்களின் வாசலில் நடந்த போர் இது.

இரண்டாம் கோப்பெருஞ்சிங்கன் 1243 முதல் 1279 வரை தன் பெயரிலேயே ஆண்டுக்கணக்கிட்டுக் கல்வெட்டு வெட்டினார். ஒரு குலம் இறைமையைத் தன் பிறப்புரிமையாக அறிவித்த அரிய சமயம் அது. ஆனால் அவருக்குப் பின் அந்த ஆட்சி தொடரவில்லை. பாண்டியர் எழுச்சியில் அடங்கிப் போனது. வடக்கே படைவீட்டைத் தலைநகராகக் கொண்ட சம்புவராயரும் 14ஆம் நூற்றாண்டில் விசயநகர இளவரசர் குமாரகம்பணரிடம் வீழ்ந்தனர். நடுநாட்டில் குலவழி இறைமை இரண்டு மூன்று தலைமுறைக்கு மேல் நிலைகொள்ளவில்லை. அதனால் அது வரைபடத்தில் தன் எல்லைக்கோட்டை விட்டுச் செல்லவும் இல்லை.

1.3 உடையாத அலகு

குலங்கள் மறைந்தன, ஊர்கள் மறையவில்லை. பாகூரில் கிடைத்த பல்லவர் செப்பேடு இதற்குச் சான்று. நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், வேசாலிப் பேரரையன் என்ற சிற்றரசன் விண்ணப்பித்துக்கொள்ள, சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்கள் வாகூர் (பாகூர்) வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது உயர்கல்வி நிலையத்துக்கு, வழங்கப்பட்டன. சிற்றரசன் தன் குலப்பெருமையை வடமொழிப் பகுதியில் பதிந்துகொண்டான். கைமாறியதோ மூன்று முழு ஊர்களின் வருவாய்.

கொடை ஊரின் எல்லையை உறுதிசெய்ய அக்காலத்தில் கையாண்ட முறையும் கவனிக்கத்தக்கது. ஆனைமங்கலச் செப்பேடு போன்ற சோழர் ஆவணங்களில் அது விரிவாக உண்டு. நாட்டார் கூடி நிற்க, ஒரு பெண் யானையை ஊர் எல்லை நெடுகிலும் நடத்திச் செல்வார்கள். அது சென்ற தடத்தில் கல் நட்டு, கள்ளிச்செடி வைப்பார்கள். கிழக்கில் எந்த வாய்க்கால், தெற்கில் எந்த ஏரியின் உள்வாய், மேற்கில் யார் நிலம் என்று ஒவ்வொரு திருப்பமும் எழுதப்படும். இப்படி வரையப்பட்ட கோடு எந்த அரச குடும்பத்தின் மகன்கள் எண்ணிக்கையையும் சார்ந்ததன்று. நீரோட்டத்தையும் உழவையும் சார்ந்தது. அரசுகள் மாறியபோதும் அது நிலைத்ததற்குக் காரணம் இதுவே.

2. ஜெர்மானிய நிலங்கள்: ஆட்சியே குடும்பச் சொத்து

2.1 பாகம் பிரித்த குலங்கள்

ஜெர்மானிய நிலங்களில் நடந்தது இதற்கு நேர்மாறு. புனித ரோமானியப் பேரரசின் கீழிருந்த இளவரசர் குலங்கள் பல, வரி, நீதி, படை அனைத்தையும் சேர்த்த ஆட்சி உரிமையையே தந்தை வழிச் சொத்தாகக் கருதின. சொத்து என்றால் மகன்களுக்குப் பாகம் உண்டு. 1485இல் வெட்டின் குலத்துச் சகோதரர்கள் எர்ன்ஸ்ட், ஆல்பிரெக்ட் இருவரும் லைப்சிக்கில் தங்கள் நாட்டைப் பிரித்துக்கொண்டனர். எர்ன்ஸ்ட் வழியினர் அதோடு நிறுத்தவில்லை, தலைமுறைதோறும் பிரித்தார்கள்.

உச்சகட்டம் கோத்தாவில் வந்தது. ‘பக்திமான்’ எனப் புகழ்பெற்ற எர்ன்ஸ்ட் கோமகன் 1675இல் மறைந்தபோது ஏழு மகன்கள் இருந்தனர். சில ஆண்டுகள் கூட்டாக ஆண்டு பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. 1680இல் நாடு ஏழாகப் பிரிந்தது: கோத்தா, கோபுர்க், மைனிங்கன், ரோம்ஹில்ட், ஐசன்பெர்க், ஹில்ட்பர்க்ஹவுசன், சால்ஃபெல்ட். ஏழு அரண்மனை, ஏழு கருவூலம், ஏழு அமைச்சரவை என்று கற்பனை செய்துகொள்ளலாம். அவற்றில் கோபுர்க், ஐசன்பெர்க், ரோம்ஹில்ட் ஆகிய மூன்று கிளைகள் 1699க்கும் 1710க்கும் இடையில் வாரிசின்றி முடிந்தன. அந்த நிலங்களை மிஞ்சிய சகோதரர்கள் எப்படிப் பங்கிடுவது என்ற வழக்கு 1735 வரை இழுத்தது. ஹெஸ்ஸேவை ஆண்ட பிலிப் 1567இல் இறந்தபோது நான்கு மகன்களுக்கு நான்கு நாடுகள். ரொய்ஸ் குலத்திலோ ஆண்மக்கள் அனைவருக்கும் ஹைன்ரிக் என்றே பெயர். எண்ணைச் சொன்னால்தான் ஆள் யாரென்று தெரியும். குலத்தின் தொடர்ச்சியே ஆட்சியின் ஆதாரம் என்ற நம்பிக்கை பெயர் வைப்பதிலும் படிந்திருந்தது.

2.2 பாகத்தைத் தடுத்த விதிகள்

பிரிவினையால் வரும் நலிவை அறிந்தவர்களும் இருந்தனர். 1356இல் பேரரசர் நான்காம் கார்ல் வெளியிட்ட பொற்சாசனம், பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற உலகியல் இளவரசர்களின் தேர்வுரிமை நிலங்கள் பிரிக்கப்படக் கூடாது, தலைமகனுக்கே சேர வேண்டும் என்றது. 1473இல் பிராண்டன்புர்க்கின் ஆல்பிரெக்ட் அகிலஸ் தன் குடும்பத்துக்கு அத்தகைய ஏற்பாட்டைச் செய்தார். அந்த ஹோகன்சோலர்ன் குலம்தான் பின்னாளில் பிரஷ்யாவாக வளர்ந்து 1871இல் ஜெர்மனியை ஒன்றாக்கியது. பிரித்தவர்கள் சிறுத்தார்கள், பிரிக்காதவர்கள் பேரரசர் ஆனார்கள்.

2.3 பிரிக்காமலே பங்கு

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியும் இருந்தது. மோசல் ஆற்றை ஒட்டிய எல்ட்ஸ் கோட்டை 1268இல் மூன்று சகோதரர்களின் கிளைகளுக்குப் பொதுவானது. சுவரும் வாயிலும் முற்றமும் எல்லாருக்கும் பொது. உள்ளே ஒவ்வொரு கிளைக்கும் தனி வீடு. கூட்டு வாரிசுரிமை என்ற இந்த ஏற்பாட்டில் பொருள் சிதையாமல் உரிமை மட்டும் பங்காகிறது.

தொண்டைமண்டலத்து மிராசு ஊர்களை அறிந்தவருக்கு இது புதிதாகப்படாது. 1818இல் சென்னை ஆட்சியர் எல்லிஸ் மிராசு உரிமை பற்றித் தொகுத்த விடைகளில் ஊர் இத்தனை பங்கு என்று எண்ணப்படுவதும், பங்குகள் பாதி, கால், அரைக்கால் என மேலும் பகுக்கப்படுவதும், சில ஊர்களில் கரையீடு என்ற பெயரில் நிலம் குறித்த காலத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு மாற்றப்படுவதும் விவரமாக வருகின்றன. பங்காளிகள் பெருகலாம், பங்கு தேயலாம். ஊரின் எல்லைக்கல் அசையாது. ஜெர்மானிய இளவரசர்கள் தரையை வெட்டினார்கள். நம் ஊரார் பின்னத்தை வெட்டினார்கள்.

3. பாளையப்பட்டு: பிரிக்கலாகாத சொத்து

3.1 சேதுநாட்டின் ஐந்து பங்கு

தமிழகத்தில் ஜெர்மானிய இளவரசர்களுக்கு மிக நெருங்கிய இணை பாளையக்காரர்கள். விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாதரும் மதுரையில் 72 பாளையங்களை வகுத்தனர் என்பது நெடுங்கால மரபு. பட்டம் தலைமகனுக்கு, இளையவர்களுக்கு ஜீவனாம்சம் என்பது பொதுவான வழக்கம். இதை மீறிய பெரும் பிரிவினை ஒன்று உண்டு. இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி 1710இல் மறைந்த பின் வாரிசுப் போர்கள் தொடர்ந்தன. 1730 வாக்கில் தஞ்சை மராத்திய அரசின் படை உதவியோடு கட்டயத் தேவரும் சசிவர்ணத் தேவரும் பவானி சங்கரனை வென்றனர். சேதுபதிகளின் மறவர் சீமை ஐந்து பங்காக எண்ணப்பட்டது: மூன்று பங்கு இராமநாதபுரத்துக்கு, இரண்டு பங்கு சசிவர்ணத் தேவருக்கு. சிவகங்கைச் சீமை பிறந்தது இப்படித்தான். லைப்சிக் பிரிவினையோடு வைத்துப் பார்க்கத்தக்க தமிழ்ப் பிரிவினை இதுதான். ஆனால் அதன்பின் சிவகங்கையை யாரும் மேலும் கூறுபோடவில்லை.

3.2 இரு கண்டங்களில் 1803

1803 இரு நிலங்களுக்கும் திருப்புமுனை ஆண்டு. ஜெர்மனியில் அவ்வாண்டு பேரரசு அவையின் குழு எடுத்த முடிவின்படி, திருச்சபை ஆட்சிப் பகுதிகளும் பெரும்பாலான சுதந்திர நகரங்களும் பெரிய அரசுகளுக்குள் கரைக்கப்பட்டன. 1806இல் பேரரசே முடிந்தது. ஏறத்தாழ முந்நூறாக இருந்த ஆட்சிப் பகுதிகள் 1815க்குப் பின் நாற்பதுக்கும் குறைவாயின.

தமிழகத்தில் 1801இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதோடு பாளையங்களின் படைவலிமை ஒடுங்கியது. 1802ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டத்தைத் தொடர்ந்து 1803இல் இராமநாதபுரத்துக்கும் சிவகங்கைக்கும் சன்னதுகள் வழங்கப்பட்டன. அங்கே பெரிய இளவரசர்கள் இறைமை பெற்றனர். சிறியவர்கள் பட்டத்தோடு நின்றனர். இங்கே எஞ்சிய பாளையக்காரர் பலர் ஜமீன்தார் ஆயினர். வாளால் நிலைநாட்டிய வாரிசுரிமையை இனி வழக்காடி நிலைநாட்ட வேண்டியிருந்தது.

3.3 சிவகங்கை வழக்கு

அப்படி நடந்த வழக்குகளில் தலையாயது சிவகங்கை வழக்கு. மருதுக்கள் வீழ்ந்ததும் கும்பினியார் கௌரி வல்லபத் தேவரை ஜமீன்தார் ஆக்கினர். அவர் 1829இல் ஆண் வாரிசின்றி மறைந்தார். மனைவியரும் பெண்மக்களும் இருந்தனர். முன்பே இறந்துபோன அண்ணன் ஓய்யாத் தேவரின் ஆண்மக்களும் இருந்தனர். ஜமீன் அண்ணன் மகனிடம் போனது. விதவை அங்கமுத்து நாச்சியார் வழக்குத் தொடுத்தார். அவர் காலத்துக்குப் பின் மகள் காத்தம நாச்சியார் தொடர்ந்தார்.

கேள்வி நுட்பமானது. குடும்பம் பிரியாத கூட்டுக் குடும்பமாக இருந்தால் தாயாதி ஆண்மகனுக்கே உரிமை. ஆனால் ஜமீன் கௌரி வல்லபருக்குத் தனிப்பட அரசு வழங்கியது. மூதாதையர் வழி வந்ததன்று. இலண்டன் பிரிவி கவுன்சில் 1863இல் தீர்ப்பளித்தது: கூட்டுக் குடும்பத்தில் இருப்பவரின் சுயார்ஜித சொத்து அவருடைய தனிச்சொத்தின் வழியிலேயே இறங்கும், விதவைக்கும் பின் மகளுக்கும் அண்ணன் மகனைவிட முன்னுரிமை உண்டு. ஒரு தலைமுறைக்கு மேல் நீண்ட போராட்டத்தில் காத்தம நாச்சியார் வென்றார். மிதாட்சரம் என்ற இந்துச் சட்ட மரபின் வாரிசுரிமை விதிகளைக் கற்பிக்கும் எந்தப் பாடத்திலும் இத்தீர்ப்பு தவறாது இடம்பெறும்.

அடுத்து 1868இல் இராமநாதபுரம் தத்து வழக்கில், விதவை இராணி எடுத்த சுவிகாரத்தைப் பிரிவி கவுன்சில் ஏற்றது. நூல் விதியைவிட நிலைபெற்ற வழக்கத்துக்கு மதிப்புத் தரவேண்டும் என்ற கோட்பாடும் அப்போது உறுதிப்பட்டது. 1904இல் சென்னை மாகாணம் பிரிக்கலாகாத ஜமீன்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு இவ்வரலாறு முடிந்தது.

3.4 பெண் வாரிசு

இந்த இடத்தில் இரு மரபுகளும் கூர்மையாக வேறுபடுகின்றன. ஜெர்மானியக் குலங்கள் பலவற்றில் பெண்வழி உரிமை மறுக்கப்பட்டது. 1837இல் விக்டோரியா பிரிட்டனின் அரியணை ஏறியபோது, அதுவரை பிரிட்டன் மன்னரின் கீழிருந்த ஹனோவர் அவரை ஏற்காமல் அவர் சிற்றப்பாவிடம் போனது. மறவர் சீமையிலோ இராமநாதபுரத்து இராணி மங்களேசுவரி நாச்சியார் 1803இன் சன்னதைத் தன் பெயரில் பெற்றார். அவருக்கு முன்பே, 1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த வேலு நாச்சியார் எட்டு ஆண்டுக்குள் சிவகங்கைச் சீமையை மீட்டு ஆண்டார். வாளும் வழக்கும் இரண்டுமே பெண்ணின் கையில் வாரிசுரிமையைக் காத்தன என்பது தமிழ் வரலாற்றின் பெருமைக்குரிய பக்கம். இதை நம் பாடநூல்கள் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

4. புதுச்சேரி வட்டாரம்: ஊர் ஊராக வழங்கல்

4.1 வழங்கியவர்கள்

பண்டசோழநல்லூர் வட்டாரத்துக்கு மேற்கண்ட இரண்டு விதிகளும் பொருந்தவில்லை. இங்கே பாளையக்கார குலம் எதுவும் வேர்விடவில்லை. செஞ்சி நாயக்கர் ஆட்சி 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பிஜப்பூரிடம் வீழ்ந்தது. வலிகண்டபுரத்திலிருந்து ஆண்ட பிஜப்பூர் ஆளுநர் சேர்கான் லோடி பிரெஞ்சுக்காரருக்கு இடம் தந்தார். பிரான்சுவா மர்த்தேன் 1674இல் புதுச்சேரியில் நிலைகொண்டார். 1677இல் சிவாஜி வந்தார்; சேர்கான் லோடி தோற்றார். 1698இல் செஞ்சி மொகலாயர் வசமானது. ஒரே மனிதரின் வாழ்நாளுக்குள் நான்கு அதிகாரங்கள் மாறின.

இப்படி மாறிக்கொண்டே இருந்த மேலாண்மையாளர் ஒவ்வொருவரும் தரக்கூடியது ஒன்றுதான்: குறிப்பிட்ட ஊர்களின் வரிவருவாய். 1706இல் நவாப் தாவூத் கான் உழவர்கரை உள்ளிட்ட சில ஊர்களைத் தந்தார். 1749, 1750 ஆண்டுகளில் கர்நாடகப் போரின் கொந்தளிப்பில், பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் உதவிக்குக் கைம்மாறாகச் சந்தா சாகிபு, முசாபர் ஜங் தரப்பு வில்லியனூரையும் பாகூரையும் அவற்றைச் சார்ந்த ஊர்களோடு வழங்கியது. வழுதாவூர் கோட்டையும் ஜாகீரும் தூப்ளேக்குத் தனியே கிடைத்தன. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை வாசிப்பவர்கள் இந்த ஆண்டுகளின் பரபரப்பை நேரில் காண்பார்கள்.

4.2 உடன்படிக்கைகள் பட்டியலிட்ட ஊர்கள்

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்தனர். 1763இன் பாரிஸ் உடன்படிக்கை அதைத் திருப்பித் தந்தது. 1783இன் வெர்சாய் உடன்படிக்கையில் புதுச்சேரிக்குச் சார்பு நிலமாக வில்லியனூர், பாகூர் இரண்டையும், காரைக்காலுக்கு அதை ஒட்டிய நான்கு மாகாணங்களையும் பெற்றுத் தருவதாக ஆங்கிலேய அரசர் ஒப்புக்கொண்டார். ஐரோப்பாவின் அரண்மனை ஒன்றில் எழுதப்பட்ட அந்தச் சொற்றொடர்தான் நம் கிராமங்களின் தலைவிதி ஆனது. 1793இல் மீண்டும் பறிபோய், 1816இல் மீண்டும் கிடைத்தபோதும் ஊர்ப் பட்டியலின் அடிப்படையிலேயே ஒப்படைப்பு நடந்தது.

பட்டியலில் இருந்த ஊர் பிரெஞ்சு ஊர். இல்லாத பக்கத்து ஊர் ஆங்கிலேயர் ஊர். ஊர்கள் ஒட்டி இருக்கின்றனவா என்று யாரும் பார்க்கவில்லை, ஏனெனில் வழங்கப்பட்டது வருவாய். வருவாய்க் கணக்குக்கு நிலத்தொடர்ச்சி தேவையில்லை. பங்காளிகள் மிகுந்ததால் துரிங்கியா சிதறியது; குலவழி உரிமையாளர் எவரும் இல்லாததால் புதுச்சேரி சிதறியது.

4.3 எல்லையின் இருபுறமும் மகனின் உரிமை

இந்தக் கோடு வரியோடு நிற்கவில்லை; வீட்டுக்குள்ளும் புகுந்தது. 1819இல் பிரெஞ்சு அரசு இந்துக்களின் வழக்குகளை அவரவர் வழக்கப்படியே தீர்ப்பதாக உறுதியளித்தது. ஆனால் புதுச்சேரி நீதிமன்றங்கள் ஏற்ற வழக்கத்தில் தந்தையே குடும்பச் சொத்தின் முழு உரிமையாளர். மகனுக்குப் பிறப்பால் பங்கு கிடையாது. வரப்புக்கு அப்பால், ஆங்கிலேய நீதிமன்றங்கள் பின்பற்றிய மிதாட்சரப்படி, பிதிரார்ஜித நிலத்தில் மகனுக்குப் பிறந்த கணமே பங்கு உண்டு.

இதன் விளைவை ஒரு வீட்டில் வைத்துப் பார்க்கலாம். ஒரே குலத்துப் பங்காளிகள் இருவர், ஒருவர் பிரெஞ்சு ஊரில், மற்றவர் ஆங்கிலேய ஊரில். முதலாமவர் பத்திரம் எழுதும் நொத்தேரிடம் போய்த் தன் நஞ்சையை விற்க மகன்களின் சம்மதம் வேண்டியதில்லை. இரண்டாமவர் விற்றால் மகன் வழக்குப் போடலாம். 1854இன் ஆணை நிலம் வைத்திருப்போரை முழு உரிமையாளராக ஏற்றதால் முதலாமவரின் பிடி மேலும் வலுத்தது. 1881இல் தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்களுக்கு முற்றிலும் வேறான வாரிசு முறை வந்தது. அதில் மகளும் மகனும் சமம்.

1963இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் புதுச்சேரிக்கு விரிவாக்கப்பட்டது. அதன்பின்னும் இடைவெளி மூடவில்லை. தமிழ்நாடு 1989இல் மகளுக்கும் பிறப்புரிமைப் பங்கு தந்த திருத்தம் மாநிலச் சட்டம் என்பதால் எல்லையில் நின்றுவிட்டது. 2005இன் மையச் சட்டத் திருத்தமே இருபுறத்து மகள்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்தது.

5. எல்லைகள் நிலைத்தது ஏன்

5.1 வாக்கால் தீர்ந்தவை

அரச குலங்கள் அகன்ற பின்னும் அவற்றின் கோடுகள் நிலைத்தன. 1918இல் ஜெர்மானிய இளவரசர்கள் முடி துறந்தனர். கோத்தாவும் கோபுர்கும் 1826 முதல் ஒரே கோமகனின் கீழ் இருந்தாலும் நிலத்தால் ஒட்டாதவை. விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் பிறந்த குடும்பம் அதுவே. 1919இல் கோபுர்க் மக்கள் வாக்களித்துத் துரிங்கியாவோடு சேர மறுத்தனர். 1920இல் கோபுர்க் பவேரியாவோடு இணைந்தது, கோத்தா துரிங்கியாவில் கரைந்தது. திருமணமும் மரணமும் பிணைத்திருந்த இரு நிலங்களை மக்களின் வாக்கு பிரித்துத் தத்தம் அண்டையோடு சேர்த்தது.

நம் வட்டாரத்திலும் வாக்குதான் தீர்த்தது. அதற்கு முன் நிலத்தின் சிதறலே விடுதலைக்கு வழி திறந்தது. நெட்டப்பாக்கம் பகுதி இந்திய நிலத்தால் சூழப்பட்டிருந்தது. இந்திய மண்ணைக் கடக்காமல் பிரெஞ்சுக் காவல்படை அங்கே வர முடியாது. 1954 மார்ச் இறுதியில் எதுவார் குபேர் தலைமையில் தற்காலிக அரசு நெட்டப்பாக்கத்தில் அமைந்ததற்கு இந்த நிலஅமைப்பு முக்கியக் காரணம். இருநூறு ஆண்டுக்கு முன் நவாபுகள் யோசனையின்றி வழங்கிய ஊர்ப் பட்டியல் விடுதலை வீரர்களுக்கு அரணாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 18இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர்; 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படி நிறைவுற்றது.

5.2 வரப்பை மதிக்காத நீர்

இணைந்த பின்னும் துண்டுகள் துண்டுகளாகவே இருக்கின்றன. பழைய ஏற்பாட்டின் சுமையை அன்றாடம் உணர்வது நீரில். பாகூர் ஏரிக்குத் தண்ணீர் பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. அணைக்கட்டு தமிழ்நாட்டில், ஏரி புதுச்சேரியில். ஏரி நிரம்பினால் இருபுறத்து நிலத்தடி நீரும் ஏறும்; வாய்க்கால் தூர்ந்தால் இருபுறத்துக் கிணறும் வற்றும். ஆனால் தூர்வாரும் பொறுப்பு இரண்டு அரசுகளின் இரண்டு துறைகளில் இருக்கிறது. செப்பேட்டுக் காலத்தில் எல்லை சொல்லப் பயன்பட்ட வாய்க்கால், இன்று எல்லையால் அறுபட்டு நிற்கிறது.

முடிவுரை

ஒப்பீட்டின் பயனை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, சிதறிய வரைபடங்கள் ஒன்றுபோல் தோன்றினாலும் அவற்றின் பிறப்பு வேறு. ஜெர்மானிய நிலத்தில் ஆட்சி சொத்தாக இறங்கிப் பாகமானது. மறவர் சீமையில் ஆட்சி ஒரு பிரிவினைக்குப் பின் மேலும் பிரிக்கப்படாமல் வழக்கு மன்றம் ஏறியது. புதுச்சேரி வட்டாரத்தில் வருவாய் மட்டும் ஊர்வாரியாகக் கைமாறியது. இரண்டாவது, நம் பக்கத்தில் உடையாமல் வந்த அலகு ஊர். மலையமானும் காடவராயரும் நாயக்கரும் நவாபும் பிரெஞ்சுக்காரரும் ஊரை முழுமையாக வாங்கினார்கள், முழுமையாகக் கொடுத்தார்கள். மூன்றாவது, வாரிசு விதி எல்லையோடு சேர்ந்தே பயணிக்கிறது. எந்த ஊர் எந்தப் பட்டியலில் இருந்தது என்பது ஒரு மகளுக்கு 1989இல் பங்கு கிடைத்ததா, 2005 வரை காத்திருந்தாளா என்பதைத் தீர்மானித்தது.

இதிலிருந்து ஒரு கடமை பிறக்கிறது. நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் ஊர்களின் வரலாறு இரு மாநிலக் காப்பகங்களில் பிரிந்து கிடக்கிறது: ஒருபுறம் பிரெஞ்சு நிலப்பதிவும் நொத்தேர் பத்திரங்களும், மறுபுறம் தென்னார்க்காடு மாவட்ட வருவாய்க் கணக்குகளும். கோயில் கல்வெட்டுகளோடு இவற்றையும் பக்கம் பக்கமாக வைத்து ஊர்வாரியாக எழுத வேண்டும். ஜெர்மனியின் சிற்றரசு ஒவ்வொன்றுக்கும் அதன் வட்டார வரலாற்று ஆய்வாளர்கள் குலவரிசையும் நிலவரைபடமும் தொகுத்து வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அந்தக் குலங்கள் தொடரவில்லை என்பதால் வரலாறு குறைந்துவிடவில்லை. இங்கே நிலத்தைத் தலைமுறைகளுக்குக் கடத்தியது ஊர்தான். பண்டசோழநல்லூருக்கும் அதன் அண்டை ஊர்களுக்கும் அத்தகைய ஊர் வரலாற்றை எழுதும் வேலையைப் புதுச்சேரியின் ஆய்வாளர்களும் எல்லைக்கு அப்பாலுள்ள விழுப்புரம், கடலூர் ஆய்வாளர்களும் சேர்ந்தே தொடங்க வேண்டும்.